அந்திக்கிறிஸ்துவும் மிருகமும் ஒரே ஆளா? 666 யாருடைய எண்?

கேட்டவர் எழுதியதன் சுருக்கம் இது. ஊர்க் கன்வென்ஷனுக்கு வந்த பிரசங்கியார் ஒருவர், அந்திக்கிறிஸ்து ஏற்கெனவே பிறந்து எங்கோ வளர்ந்துகொண்டிருக்கிறான், கையில் வைக்கப்போகிற சிப்தான் 666 முத்திரை, ஆதார் அதற்கு ஒத்திகை என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அன்றிலிருந்து அம்மா ரேஷன் கடையில் கைரேகை வைக்கவே தயங்குகிறார். வெளிப்படுத்தின விசேஷத்தில் வரும் மிருகம் யார், அந்திக்கிறிஸ்து யார், இரண்டும் ஒன்றுதானா?

அம்மாவுக்கான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன், மற்றதை நிதானமாகப் பேசலாம். வெளிப்படுத்தின விசேஷத்தில் மிருகத்தின் முத்திரையை வாங்குவது பற்றிப் பேசும் இடங்களை எடுத்துப் பாருங்கள்: 13:15-16, 14:9, 14:11, 16:2, 19:20, 20:4. எல்லாவற்றிலும் பக்கத்திலேயே வணக்கம் நிற்கிறது. மிருகத்தையோ அதன் சொரூபத்தையோ வணங்குகிறவன் முத்திரை வாங்குகிறான், வணங்க மறுப்பவன் வாங்குவதில்லை. தூக்கத்தில் ஒட்டிக்கொள்கிற முத்திரை, ஏமாந்து கையெழுத்துப் போட்டதால் வந்துசேர்கிற முத்திரை என்று ஒன்று அந்தப் புத்தகத்தில் கிடையாது. ரேஷன் கடைக்காரர் அரிசி போடுவதற்கு முன்னால் யாரையும் கும்பிடச் சொல்வதில்லை. அம்மா தாராளமாகப் போய் வாங்கட்டும்.

சரி, இப்போது அந்திக்கிறிஸ்து. பலருக்கு ஆச்சரியமாக இருக்கும்: வெளிப்படுத்தின விசேஷத்தின் 22 அதிகாரங்களிலும் தேடினாலும் அந்தச் சொல் கிடைக்காது. பைபிள் முழுவதிலும் அது யோவானின் முதல் இரண்டு நிருபங்களில் மட்டும்தான் வருகிறது. அதுவும் எப்படி வருகிறது என்று பாருங்கள். "அந்திக்கிறிஸ்து வருகிறானென்று நீங்கள் கேள்விப்பட்டபடி இப்பொழுதும் அநேக அந்திக்கிறிஸ்துகள் இருக்கிறார்கள்" என்கிறது 1 யோவான் 2:18. ஒருவன் வருவான் என்று கேள்விப்பட்டவர்களிடம், ஒருவன் என்ன, பல பேர் வந்தாகிவிட்டது என்கிறார் எழுதியவர். யார் அவர்கள்? அடுத்த வசனத்திலேயே சொல்லிவிடுகிறார்: நம்மை விட்டுப் பிரிந்துபோனவர்கள். ரோமப் பேரரசன் இல்லை, வேற்று மதத்தான் இல்லை. நேற்றுவரை ஒரே சபையில் உட்கார்ந்து ஒரே அப்பத்தைப் புசித்தவர்கள். இயேசு மாம்சத்தில் வந்தார் என்பதை மறுத்து வெளியேறிய ஒரு கூட்டம். அந்தச் சொல் பிறந்தபோது அது உள்வீட்டுச் சண்டையின் சொல்.

இங்கே தமிழில் ஒரு சின்னக் குழப்பமும் உண்டு. பழைய மொழிபெயர்ப்பில் 'அந்திக்கிறிஸ்து' என்று போட்டிருப்பதால், அந்திப்பொழுது, அந்திமக் காலம் எல்லாம் மனதில் ஓடி, 'கடைசிக் காலத்தில் வரும் கிறிஸ்து' என்றே பலர் நினைத்துக்கொள்கிறார்கள். என் வேதபாட வகுப்பில் ஒரு பெரியவர் பல வருஷம் அப்படித்தான் நம்பியிருந்தார். கிரேக்க முன்னொட்டை அப்படியே எழுத்துப்பெயர்த்ததால் வந்த வினை. கத்தோலிக்கரின் திருவிவிலியம் 'எதிர்க்கிறிஸ்து' என்று போட்டுப் பிரச்சினையைத் தீர்த்துவிட்டது. ஆனால் அந்தக் கிரேக்க ஒட்டுக்கு 'எதிராக' என்பதோடு 'பதிலாக' என்ற பொருளும் உண்டு. எதிர்ப்பவன் மட்டுமில்லை, அந்த இடத்தில் தான் போய் உட்காரப் பார்ப்பவனும்கூட.

அப்படி உட்காரப் பார்க்கும் ஒருவன் 2 தெசலோனிக்கேயர் 2ஆம் அதிகாரத்தில் வருகிறான். அங்கே அவனுக்கு 'பாவமனுஷன்', 'கேட்டின் மகன்' என்று பெயர். தேவாலயத்தில் போய் உட்கார்ந்து தன்னைத் தேவன் என்று காட்டுவான் என்கிறது நிருபம். இதை முதலில் வாசித்தவர்களுக்கு இது வெறும் கற்பனை இல்லை. கி.பி. 40இல் பேரரசன் கலிகுலா தன் சிலையை எருசலேம் ஆலயத்தில் நிறுத்த ஆணையிட்டான். சிரியாவின் ஆளுநர் பெத்ரோனியு வேலையை இழுத்தடித்தார். 41 ஜனவரியில் கலிகுலா கொல்லப்பட்டதால்தான் அது நடக்காமல் போனது. யூதர் அத்தனை பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்த மாதங்கள் அவை.

ஆக, நம்மிடம் இருப்பது மூன்று தனித்தனி உருவங்கள்: யோவான் நிருபத்தின் அந்திக்கிறிஸ்துகள், பவுலின் பெயரில் உள்ள நிருபத்தின் பாவமனுஷன், வெளிப்படுத்தின விசேஷத்தின் மிருகம். தானியேலின் சின்னக் கொம்பையும் சேர்த்தால் நான்கு. இவற்றை ஒரே ஆளாகத் தைத்தவர்களில் முக்கியமானவர், ஏறத்தாழ கி.பி. 180இல் எழுதிய லியோன் நகர ஆயர் இரேனியு. அவருக்குச் சற்றுப் பின்னால் வந்த இப்போலித்து இதற்கென்றே தனி நூல் எழுதினார். அந்தத் தையல் தவறு என்று நான் சொல்லவில்லை. வேதம் முழுவதும் ஒரே குரல் என்று நம்புகிறவர் அப்படித்தான் தைப்பார். ஆனால் தையல் இருக்கிறது என்பது தெரிந்திருக்க வேண்டும். இல்லையென்றால் 13ஆம் அதிகாரத்தை வாசிக்கும்போது அங்கே எழுதியிருப்பதைப் பார்க்காமல், கன்வென்ஷனில் கேட்டதைப் பார்த்துக்கொண்டிருப்போம்.

அப்புறம் மிருகத்துக்கு வருவோம். இதற்குச் சாவி தானியேல் 7இல் இருக்கிறது. கடலிலிருந்து நான்கு மிருகங்கள் ஏறி வருகின்றன: கழுகின் செட்டை கொண்ட சிங்கம், வாயில் மூன்று விலாவெலும்புகளைக் கவ்விய கரடி, நான்கு தலையுள்ள சிறுத்தை, பெயர் சொல்ல முடியாத இரும்புப்பல் மிருகம். நான்கும் நான்கு ராஜ்யங்கள் என்று அந்த அதிகாரமே விளக்கிவிடுகிறது. கடைசி மிருகத்தின் பத்துக் கொம்புகளுக்கு நடுவில் பெருமை பேசும் சின்னக் கொம்பு முளைக்கிறது. பெரும்பாலான ஆய்வாளர்கள் அதை அந்தியோக்கு எபிபானெஸ் என்ற சிரிய அரசனாகப் பார்க்கிறார்கள். கி.மு. 167இல் எருசலேம் ஆலயத்தின் பலிபீடத்தைக் கெடுத்து, சேயு தெய்வத்துக்குப் பலியிடச் செய்தவன். மூன்று ஆண்டு கழித்து ஆலயம் மீட்கப்பட்டது. மூன்றரை ஆண்டு, 42 மாதம், 1,260 நாள் என்று கடைசிக்காலக் கணக்குகளில் திரும்பத் திரும்ப வரும் அளவு அந்தக் கொடுமையின் நினைவை ஒட்டியது. மரபாக வாசிப்பவர்கள் தானியேலை பாபிலோன் சிறையிருப்புக் காலத்தில் வைத்து, இது முன்னறிவிப்பு என்பார்கள். எழுதப்பட்ட காலத்தில்தான் வேறுபாடு. சின்னக் கொம்பின் குணத்தில் இல்லை.

இப்போது வெளிப்படுத்தின விசேஷம் 13:2ஐ வாசியுங்கள். சிறுத்தையின் உடல், கரடியின் கால், சிங்கத்தின் வாய். இதை எழுதிய யோவான் தானியேலின் மிருகங்களைப் பின்னோக்கி எண்ணி ஒரே மிருகமாக உருக்கி வார்த்துவிட்டார். ஏழு தலை எங்கிருந்து வந்தது? சிங்கத்துக்கு ஒன்று, கரடிக்கு ஒன்று, சிறுத்தைக்கு நான்கு, கடைசி மிருகத்துக்கு ஒன்று. கூட்டினால் ஏழு. அந்த நான்கு பேரரசுகளின் மொத்தக் கொடூரமும் இந்த ஒன்றில் இருக்கிறது என்று சொல்லுகிற முறை அது.

எந்தப் பேரரசு என்பதில் ஆசிரியர் பெரிதாக மறைக்கவும் இல்லை. 17ஆம் அதிகாரத்தில் பாபிலோன் என்று பெயர் கொண்ட ஒரு பெண் இந்த மிருகத்தின்மேல் ஏறி வருகிறாள். ஏழு தலைகளும் அந்தப் பெண் உட்கார்ந்திருக்கும் ஏழு மலைகள் என்கிறது 17:9. பூமியின் ராஜாக்கள்மேல் ஆளுகை செய்யும் மாநகரமே அந்தப் பெண் என்கிறது 17:18. அந்தக் காலத்தில் ஏழு குன்று நகரம் என்றால் ரோம் என்று பள்ளிப் பையனும் சொல்வான், தூங்காநகரம் என்றால் மதுரை என்று நாம் சொல்வதைப் போல.

இந்தப் புத்தகம் ஒரு கடிதம் என்பதை நாம் மறந்துவிடுகிறோம். எபேசு, சிமிர்னா, பெர்கமு, தியத்தீரா, சர்தை, பிலதெல்பியா, லவோதிக்கேயா என்று இன்றைய துருக்கியின் மேற்குப் பகுதியில் ஏழு ஊர்களுக்கு அனுப்பியது. அந்த ஊர்களில் என்ன நடந்துகொண்டிருந்தது? கி.மு. 29இல் பெர்கமுவில் பேரரசன் அகுஸ்துவுக்கும் ரோமாபுரி தேவிக்கும் கோவில் கட்ட அனுமதி கிடைத்தது. கி.பி. 26இல் திபேரியுவின் கோவிலுக்காகப் பதினொரு ஊர்கள் போட்டிபோட்டு, சிமிர்னா ஜெயித்தது. ஏறத்தாழ 89-90இல் எபேசுவில் தொமித்தியன் காலத்துப் பேரரசர் கோவில் எழும்பியது. ரோமிலிருந்து யாரும் வந்து கழுத்தில் கத்தி வைத்து இவற்றைக் கட்டச் சொல்லவில்லை. உள்ளூர்ப் பெரிய மனிதர்களே முண்டியடித்துக் கட்டினார்கள். கௌரவம், பதவி, வரிச்சலுகை, திருவிழா என்று எல்லாமே அதில் இருந்தது.

13:11இல் வரும் இரண்டாவது மிருகம் இதோடு பொருந்துகிறது. அது கடலிலிருந்து வரவில்லை, நிலத்திலிருந்து வருகிறது. ஆட்டுக்குட்டிக்கு இருப்பதுபோல் இரண்டு கொம்பு, பேச்சு மட்டும் வலுசர்ப்பத்தின் பேச்சு. முதல் மிருகத்தை எல்லாரும் வணங்கும்படி ஏற்பாடு செய்வதுதான் அதன் வேலை. கடல் தாண்டி வந்த அதிகாரம் ஒன்று, அதற்கு உள்ளூரில் சொரூபம் செய்து ஆள் சேர்க்கிற அதிகாரம் இன்னொன்று. எனக்கு இந்த இரண்டாவது மிருகம்தான் முதலாவதைவிடப் பயமாக இருக்கிறது. ஆனால் பிரசங்கங்களில் அதைப் பற்றிப் பேச்சே காணோம்.

மிருகம் முழுக்க முழுக்க ஒரு நையாண்டிப் போலி என்பதையும் கவனிக்க வேண்டும். ஆட்டுக்குட்டி, அதாவது கிறிஸ்து, 'அடிக்கப்பட்டது' என்று 5:6 சொல்கிறது. மிருகத்தின் ஒரு தலை காயப்பட்டதைச் சொல்ல 13:3இல் அதே கிரேக்க வினை வருகிறது. தமிழில் அது மறைந்துபோகிறது. தேவன் இருந்தவர், இருக்கிறவர், வருகிறவர். மிருகமோ இருந்தது, இப்போது இல்லை, மறுபடி வரும். ஆட்டுக்குட்டியின் ஜனங்களுக்கு நெற்றியில் அடையாளம் உண்டு, மிருகத்தின் ஆட்களுக்கும் உண்டு. கிரேக்கத்தில் இவற்றுக்கு வெவ்வேறு சொற்கள். நம் பழைய மொழிபெயர்ப்பு 7:3இலும் 13:16இலும் 'முத்திரை' என்றே போட்டுவிட்டது. மிருகத்தின் முத்திரைக்கு யோவான் எடுத்த சொல், பேரரசனின் பெயர் பொறித்த அரசு முத்திரைக்கும் வழங்கிய சொல். கையிலும் நெற்றியிலும் என்பதைக் கேட்ட யூதருக்கு உபாகமம் 6:8 ஞாபகம் வந்திருக்கும். தேவனின் வார்த்தையைக் கையில் கட்டு, நெற்றியில் வை என்ற கட்டளை அது. அதன் தலைகீழ்தான் மிருகத்தின் முத்திரை.

கையில் வைக்கும் சிப் எங்கே, இது எங்கே என்று கேட்கத் தோன்றும். இருக்கட்டும், எண்ணுக்கு வருவோம்.

"அந்த மிருகத்தின் இலக்கத்தைப் புத்தியுடையவன் கணக்குப்பார்க்கக்கடவன்" என்கிறது 13:18. கணக்குப் பார் என்று வாசகனிடம் சொல்கிறார். இரண்டாயிரம் வருஷம் கழித்து வரப்போகிறவனின் பெயர் என்றால் அந்த ஏழு ஊர்க்காரர்கள் எந்தக் கணக்கைப் பார்ப்பது?

எழுத்தே எண்ணாக இருக்கும் விளையாட்டு நமக்குப் புதிதில்லை. 'எட்டேகால் லட்சணமே' என்று ஔவையார் பாடியதாகச் சொல்லும் தனிப்பாடல் உங்களுக்குத் தெரிந்திருக்கும். தமிழ் எண்களில் எட்டு என்றால் 'அ', கால் என்றால் 'வ'. ஆக, அவலட்சணமே என்று திட்டு. எபிரெயத்திலும் கிரேக்கத்திலும் எல்லா எழுத்துக்கும் இப்படி எண் மதிப்பு உண்டு. பொம்பெயி நகரச் சுவரில், '545 என்ற எண்ணுக்குரியவளை நான் காதலிக்கிறேன்' என்று யாரோ கிறுக்கி வைத்திருக்கிறார். பெயரைச் சொல்லாமல் பெயரைச் சொல்லும் வழி. பேரரசன் நீரோவின் காலத்தில் ரோமில் ஒரு கிண்டல் சுற்றியதாக வரலாற்றாசிரியர் சுவெத்தோனியு குறித்துவைத்திருக்கிறார்: நீரோ என்ற கிரேக்கப் பெயரின் எழுத்துகளைக் கூட்டினால் வரும் 1005, 'சொந்தத் தாயைக் கொன்றான்' என்ற தொடரைக் கூட்டினாலும் வருகிறது.

'நீரோன் கேசர்' என்பதை எபிரெய எழுத்தில் எழுதிக் கூட்டுங்கள். நூன் 50, ரேஷ் 200, வாவ் 6, மறுபடி நூன் 50. அப்புறம் கோஃப் 100, சாமெக் 60, ரேஷ் 200. மொத்தம் 666. கிரேக்கம் வாசிக்கிறவர்களுக்கு ஏன் எபிரெயக் கணக்கு என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் இதே ஆசிரியர் அபெத்தோன், அர்மகெதோன் என்று எபிரெயப் பெயர்களைச் சொல்லி, எபிரெயு பாஷையிலே என்று குறிப்பும் போடுகிறவர். கேசர் என்பதை இந்த எழுத்துக்கூட்டலில் எழுதிய, நீரோ காலத்துப் பத்திரம் ஒன்று சாக்கடல் பக்கத்துக் குகையில் கிடைத்திருக்கிறது.

இதைவிடப் பெரிய சாட்சி ஒன்று உண்டு. சில பழைய கையெழுத்துப் பிரதிகளில் எண் 666 இல்லை, 616. இரேனியுவே இதை அறிந்து, பிழை என்று தள்ளினார். எகிப்தின் ஒக்சிரிங்கு குப்பைமேட்டில் கிடைத்து 1999இல் வெளியிடப்பட்ட, ஏறத்தாழ 1,700 ஆண்டுப் பழைய பாப்பிரசுத் துண்டிலும் 616தான். நீரோன் என்ற கிரேக்க வடிவத்தில் கடைசி எழுத்தை விட்டு, இலத்தீன்காரர் சொல்வதுபோல் நீரோ என்று எழுதினால் ஒரு நூன் குறையும். அதாவது 50 குறையும். 666 போய் 616 ஆகும். இந்த இரண்டு எண்ணுக்கும் ஒரே நேரத்தில் விளக்கம் தருகிற வேறு பெயரை நான் பார்த்ததில்லை. ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும்: இரேனியு தாமே பெயர்களை ஊகித்தபோது நீரோவைச் சொல்லவில்லை. எவாந்தா, லத்தேயினோ, தெய்த்தான் என்று மூன்றைச் சொல்லிவிட்டு, பெயரை அடித்துச் சொல்லத் துணிய வேண்டாம் என்று எச்சரிக்கிறார். நூறே வருஷத்தில் சாவி தொலைந்துபோயிருந்தது.

நீரோ 68இல் தற்கொலை செய்துகொண்டான். புத்தகம் பெரும்பாலும் தொமித்தியன் காலத்தின் கடைசியில், 95 வாக்கில் எழுதப்பட்டது. செத்தவன் எண் எதற்கு? ஏனென்றால் அவன் சாகவில்லை, கிழக்கிலிருந்து படையோடு திரும்புவான் என்று கிழக்கு மாகாணங்களில் பேச்சு இருந்தது. 69இலேயே ஒரு போலி நீரோ கிளம்பி, கித்னோஸ் தீவில் பிடிபட்டுக் கொல்லப்பட்டான். அடுத்த இருபது வருஷத்துக்குள் இன்னும் சில போலிகள் வந்தார்கள். சாகும்படி காயப்பட்டு ஆறிய தலை, இருந்து இல்லாமல்போய் மறுபடி வரும் மிருகம் என்பதையெல்லாம் இந்த வதந்தியோடு சேர்த்து வாசித்தால் ஆசிரியர் சொல்ல வருவது தெரிகிறது: நீரோ போய்விட்டான் என்று நிம்மதியாக இருக்காதீர்கள், சிங்காசனத்தில் இருப்பவன் முகம் வேறு, மிருகம் அதேதான்.

இந்த வாசிப்பில் ஒரு குறையும் உண்டு. எல்லாவற்றையும் முதல் நூற்றாண்டோடு பூட்டிவிட்டால், மிருகம் அக்கினிக்கடலில் தள்ளப்படுவதும் புதிய எருசலேமும் எங்கே போகும்? ரோம் விழுந்தது, உலகம் முடியவில்லை. அதனால்தான் இது நடந்து முடிந்தது என்பவர்கள், சபை வரலாறு நெடுக நடந்துவருகிறது என்பவர்கள், இனிமேல்தான் என்பவர்கள், எக்காலத்துக்குமான படம் என்பவர்கள் என நான்கு கட்சி இன்றுவரை இருக்கிறது. நம்மூர் பெந்தெகொஸ்தே சபைகளில் கேட்பது பெரும்பாலும் மூன்றாவது. அதைச் சுத்தமான நவீனக் கண்டுபிடிப்பு என்று தள்ளிவிடுவதும் சரியில்லை, எதிர்காலத்தில் ஒரு ஆள் வருவான் என்று இரேனியுவும் இப்போலித்துவும் நம்பினார்கள். ஆனால் முதலில் சபை இரகசிய வருகையில் எடுத்துக்கொள்ளப்படும், பிறகு ஏழு வருஷ உபத்திரவம் என்ற அட்டவணை, 1830களில் ஜான் நெல்சன் டார்பி போதித்து, 1909இல் வந்த ஸ்கோஃபீல்டு குறிப்புப் பைபிள் வழியாக உலகம் முழுக்கப் பரவியது. வெளிப்படுத்தின விசேஷத்தில் ஏழு வருஷம் என்ற கணக்கு எங்கும் இல்லை, மூன்றரைதான் உண்டு. ஏழு என்பது தானியேல் 9:27இன் ஒரு வாரத்தைக் கொண்டுவந்து சேர்த்தது.

பிரசங்கியார் சொன்ன 'ஏற்கெனவே பிறந்துவிட்டான்' என்பதற்கு மட்டும் தனி வரலாறு உண்டு. 397இல் இறந்த தூர் நகர ஆயர் மார்ட்டின், அந்திக்கிறிஸ்து பிறந்து சிறுவனாக வளர்ந்திருக்கிறான் என்று சொன்னதாக அவருடைய சீடர் சுல்பீசியு செவேரு எழுதிவைத்திருக்கிறார். 1190-91 குளிர்காலத்தில் சிலுவைப்போருக்குப் போகும் வழியில் மெசினாவில் தங்கிய இங்கிலாந்து அரசன் ரிச்சர்டிடம் ஃபியோரேயின் துறவி யோவாக்கிம், மிருகத்தின் ஆறாவது தலை எதிர்த்தரப்புச் சுல்தான் சலாதீன், ஏழாவது பிறந்தாகிவிட்டது, அதுவும் ரோமிலேயே என்று சொன்னதாக அந்தக் காலத்து ஆங்கில வரலாற்றுக் குறிப்பு சொல்கிறது. அந்தச் சிறுவனுக்கு இப்போது வயது என்ன என்று யாராவது கணக்குப் பார்க்க வேண்டும்.

அதற்குப்பின் நடந்ததைப் பார்த்தால் ஒரு விஷயம் கண்ணில் படும்: அந்தந்தக் காலத்தில் யாருக்கு யார் எதிரியோ அவர்தான் மிருகம். 1239இல் போப் ஒன்பதாம் கிரகோரி, பேரரசன் இரண்டாம் பிரெடரிக்கைக் கடலிலிருந்து ஏறிய மிருகம் என்று கடிதம் எழுதினார், பேரரசன் தரப்பிலிருந்து போப்பே அந்திக்கிறிஸ்து என்று பதில் போனது. 1522 செப்டம்பரில் லூத்தரின் ஜெர்மன் புதிய ஏற்பாடு வந்தபோது அதன் மரச்செதுக்குப் படங்களில் பாபிலோன் பெண்ணின் தலையில் போப்பின் மூன்றடுக்குக் கிரீடம் இருந்தது. எதிர்ப்பு எழுந்ததும் டிசம்பர் பதிப்பில் மேல் அடுக்குகளைச் செதுக்கி எடுத்தார்கள். ரஷ்யாவில் சடங்குத் திருத்தங்களை எதிர்த்த பழைய விசுவாசிகளுக்கு 1666ஆம் ஆண்டே போதுமான அத்தாட்சியாக இருந்தது. பின்னால் அவர்களில் பலர் பேரரசன் பீட்டரையே அந்திக்கிறிஸ்து என்றார்கள்.

நம் காலத்துக்கு வந்தால், 1981இல் கிரீஸ் சேர்ந்து ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகம் பத்து நாடானதும், இதோ பத்துக் கொம்பு என்று புத்தகங்கள் குவிந்தன. 1986இல் ஸ்பெயினும் போர்ச்சுகலும் சேர்ந்து பன்னிரண்டானது. இன்று 27. அமெரிக்க அதிபர் ரொனால்ட் ரீகனின் மூன்று பெயர்களிலும் ஆறாறு எழுத்து என்று பேசினார்கள். ஓய்வுக்குப் பின் அவர் குடிபோன வீட்டின் எண் 666 என்பதால் அதை 668 என்று மாற்றிக்கொண்டார்கள். பார்கோடு வந்தபோது அதன் காவல் கோடுகள் மூன்று ஆறு என்றார்கள். அதை வடிவமைத்த ஜார்ஜ் லாரர் இல்லை என்று சொல்லிச் சொல்லி ஓய்ந்தார். மிசோரத்தில் சில சிறு குழுக்கள் ஆதாரை மறுத்ததும் இந்த வரிசையில்தான் வருகிறது. அரசு நம் விவரங்களைச் சேர்த்துவைப்பது பற்றிக் கவலைப்பட நல்ல காரணங்கள் உண்டு, அதற்கு 666 தேவையில்லை.

இதில் சிரிக்க முடியாத பக்கமும் உண்டு. அந்திக்கிறிஸ்து யூதனாக, தாண் கோத்திரத்தில் பிறப்பான் என்ற பேச்சு இப்போலித்து காலத்திலிருந்தே இருக்கிறது. ஏறத்தாழ 950இல் அத்சோ என்ற பிரெஞ்சுத் துறவி ராணி கெர்பெர்காவுக்கு எழுதிய கடிதம் இதை ஐரோப்பா முழுவதும் பரப்பியது. பக்கத்துத் தெரு யூதனை மிருகத்தின் ஆளாகப் பார்க்க இது எவ்வளவு வசதியாக இருந்தது என்பதற்கு இடைக்கால ஐரோப்பாவின் வரலாறு சாட்சி. அந்தச் சொல் யோவானின் நிருபத்தில் 'நம்மிலிருந்து போனவர்கள்' என்று ஆரம்பித்தது. எங்கே வந்து நின்றது பாருங்கள்.

நீங்கள் கடைசியாக, அப்படியானால் இதை எப்படித்தான் வாசிப்பது என்று கேட்டிருந்தீர்கள். நான் வகுப்பில் செய்வது ஒன்றுதான். 13ஐ மூடிவைத்துவிட்டு 18ஆம் அதிகாரத்தை எடுப்பேன். வாங்கவும் விற்கவும் முடியாது என்று 13இல் மிரட்டிய அதே உலகம் அங்கே விழுகிறது. அழுகிறவர்கள் யார்? ராஜாக்கள், கப்பல்காரர்கள், வியாபாரிகள். இனி தங்கள் சரக்கை வாங்க ஆளில்லையே என்று வியாபாரிகள் அழுகிறார்கள். 12, 13 வசனங்களில் அந்தச் சரக்குப் பட்டியல் இருக்கிறது. பொன், வெள்ளி, இரத்தினம், முத்து, பட்டு, தந்தம், இலவங்கம் என்று போகும். அந்த முத்தில் ஒரு பங்கு நம் ஊருடையது. பாண்டியர் துறைமுகமான கொற்கையின் முத்துக்குளிப்பைப் பற்றி அதே நூற்றாண்டின் கிரேக்கக் கடல்வழிக் குறிப்பு பேசுகிறது. இந்தியாவும் சீனாவும் அரேபியாவும் சேர்ந்து ஆண்டுக்குப் பத்துக் கோடி செஸ்டெர்ஸ் பணத்தை உறிஞ்சிவிடுகின்றன, நம் பெண்களின் ஆடம்பரம் நமக்கு அவ்வளவு செலவு வைக்கிறது என்று ரோமில் எழுத்தாளர் பிளினி புலம்பியதும் அந்தத் தலைமுறையில்தான்.

அம்மாவை உட்காரவைத்து அந்த இரண்டு வசனங்களையும் சத்தமாக வாசித்துக் காட்டுங்கள். முத்து வரும் இடத்தில் கொற்கையைச் சொல்லுங்கள். அப்புறம் பட்டியலை விடாமல் முடிவுவரை வாசியுங்கள். மாடு, ஆடு, குதிரை, இரதம் எல்லாம் தாண்டி, கடைசிச் சரக்காக என்ன எழுதியிருக்கிறது என்று அம்மாவே பார்க்கட்டும்: அடிமைகள், மனுஷருடைய ஆத்துமாக்கள்.